ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் யாரு, கன்சர்வேஷனிஸ்ட்னா என்ன?

கன்சர்வேஷனிஸ்ட்னா காட்டையும் விலங்கையும் அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்கணும்னு பாடுபடுறவர், ஏரியில மீன் முட்டையிடுற நேரத்துல வலை போட்டா அடுத்த வருஷம் குழம்புக்கு மீன் ஏது, அதே கணக்குதான். கிரின்னெல் (1849–1938) அப்படிப்பட்ட ஒரு அமெரிக்கர், சின்ன வயசுல பறவை ஓவியர் ஆடுபானோட மனைவி லூசிகிட்ட படிச்சவர். 1875-ல அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் போனப்ப, தோலுக்காகவே காட்டெருமை, மான்னு ஆயிரக்கணக்குல கொல்றாங்கன்னு அரசாங்க அறிக்கையிலயே எழுதினார். 1886-ல பறவைகளைக் காப்பாத்த ஆடுபான் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார், 1910-ல கிளேசியர் நேஷனல் பார்க் வந்ததுலயும் இவருக்குப் பெரிய பங்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது, செயென்ங்கிற அமெரிக்கப் பழங்குடி மக்கள்கிட்ட வருஷக்கணக்கா போய் உக்காந்து கேட்டு, அவங்க வாழ்க்கை, சடங்கு எல்லாத்தையும் 1923-ல ரெண்டு வால்யூம் புத்தகமா கொண்டுவந்தது. நிறைய பேர் இவர் வேட்டைக்கே எதிரின்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, இவரே வேட்டைக்காரர்தான், எதிர்த்தது கணக்கில்லாம கொன்னு குவிச்சதை.