மலை தேய்ந்த இடத்தில் தங்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலை எழும்பும் இடங்களில்தான் தங்கம் சேரும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் தாத்தா வேலை பார்த்த கோலார் தங்கவயலில் சொல்லும்படி பெரிய மலையே கிடையாதே? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: மலை இருந்தது, தேய்ந்துபோய்விட்டது. தங்கவயல் உட்கார்ந்திருக்கும் பாறைப் பட்டை வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். அதில் பெரும்பகுதி சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு. அப்புறம், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டு பக்கமும் இருந்த நிலத்தட்டுகள் நெருக்கியதில் அந்தப் பாறை மடிந்து செங்குத்தாக நிமிர்ந்தது, அந்த நெருக்கலின்போதுதான் தங்கமும் வந்து படிந்தது. எங்கே படிந்தது என்பதுதான் முக்கியம். மலை உச்சியில் இல்லை, பல கிலோமீட்டர் ஆழத்தில், மலையின் வேரில். மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மேலே இருந்ததையெல்லாம் அரித்துக்கொண்டு போனதால்தான் அந்த வேர் நம் கைக்கு எட்டியது. தங்கவயல் மட்டமாகக் கிடப்பதனால்தான் அங்கே தங்கம் எடுக்க முடிந்தது என்றே நான் சொல்வேன்.

1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் மூடும்வரை கிட்டத்தட்ட 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள், உடைத்த தாதுக்கல் சுமார் 5.1 கோடி டன். கணக்குப் போட்டால் ஒரு டன் கல்லுக்குச் சராசரியாக இரண்டு பவுன். சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும், ஆயிரக்கணக்கான டன்னை உடைத்தாலும் ஒரு பவுன் தேறுவது கஷ்டம். அந்த இரண்டு பவுனுக்காக 3 கிலோமீட்டருக்கும் கீழே, வேகும் சூட்டில், பாறை எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு பக்கத்துத் தமிழர்கள். உங்கள் தாத்தாவைப் போன்றவர்களின் உழைப்பைச் சொல்லாமல் அந்த மண்ணின் கதையைச் சொல்லவே கூடாது.

கேள்வி: தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். அதைத் தண்ணீர் எப்படிச் சுமக்கும்? (வாசகி, ஓசூர்)

பதில்: உருகவே வேண்டாம், கரைந்தால் போதும். ஆழத்தில் புதையும் எரிமலைப் பாறையில் குளோரைட் போன்ற கனிமங்கள் இருக்கும், அவற்றின் படிகத்துக்குள்ளேயே நீர் கட்டுண்டு கிடக்கும். சூடு 500 டிகிரியை நெருங்கும்போது அந்தக் கனிமம் சிதைந்து நீரை விட்டுவிடும், கூடவே கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியே வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடில் இருக்கும் கந்தகம்தான் ஆள். தங்க அணுவைப் பிடித்துக்கொண்டு நீரில் கரைய வைப்பது அதுதான், உப்பு அதிகமில்லாத இந்த வெந்நீரில் வேறு எதுவும் அந்த அளவுக்கு உதவாது.

சரி, கரைந்தது ஏன் ஓரிடத்தில் இறங்க வேண்டும்? வெந்நீர் பெரிய நிலப்பிளவுகள் வழியாக மேலே ஏறும், வழியில் குவார்ட்ஸ் (நம் ஊர் வெங்கச்சங்கல்) படிந்து பிளவு அடைத்துக்கொள்ளும், கீழே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிரஷர் குக்கரில் வெயிட் தூக்குவது போல ஒரு கட்டத்தில் பிளவு சறுக்கித் திறந்துகொள்ளும், அதுவே நிலநடுக்கம். அழுத்தம் சட்டென்று விழும், நீரால் அதற்குமேல் சுமக்க முடியாது, குவார்ட்ஸும் தங்கமும் படிந்து பிளவு மறுபடி மூடும். இப்படி எத்தனையோ தடவை. இப்படிப் பிளவில் படிந்து உண்டான ரேகைக் கல் ஒன்றை வெட்டிப் பார்த்தால், சாம்பல் நிறக் குவார்ட்ஸுக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் அடுக்கடுக்காக இணையாக ஓடும். பிளவு திறந்து மூடிய தடயம் அது.

இன்னொரு வழியும் உண்டு. சுற்றியிருக்கும் பாறையில் இரும்பு நிறைய இருந்தால் கந்தகம் அதோடு சேர்ந்து பைரைட் என்ற மஞ்சளாக மின்னும் கனிமம் ஆகிவிடும், தூக்கிவந்த ஆள் போனதும் தங்கம் அங்கேயே இறங்கிவிடும். கோலாரின் பாறை இரும்புச் சத்துள்ளது என்பதைக் கவனியுங்கள். பெரிய தங்கக்கட்டிகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு 2024-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் ஒரு விளக்கம் தந்தார்கள்: அதிர்வில் நசுங்கும் குவார்ட்ஸில் மின்னழுத்தம் உண்டாகிறது, அது கரைசலில் இருக்கும் தங்கத்தை ஏற்கெனவே படிந்த தங்கத்தின்மேலேயே படிய வைக்கிறது என்று. ஆய்வகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

கேள்வி: அப்படியானால் இமயமலையில் மலைமலையாகத் தங்கம் இருக்க வேண்டுமே? (வாசகர், திருச்சி)

பதில்: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற பக்கத்தில் இல்லை. தெற்குத் திபெத்தில், இந்தியத் தட்டும் ஆசியத் தட்டும் ஒட்டிய தையல் ஓரமாக, மாயும், பாங்பு என்று இந்த வகைப் படிவுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. மலை உயரமாக இருந்தால் மட்டும் போதாது. தகுந்த பாறை புதைய வேண்டும், ஆழமான பிளவு வேண்டும், அரிமானம் சரியான மட்டம்வரை வந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கொல்லையில் வெங்கச்சங்கல் நிறையக் கிடக்கிறது, ஒன்றில் மஞ்சளாக மின்னுகிறது. தங்கமா? (வாசகி, தருமபுரி)

பதில்: பெரும்பாலும் இருக்காது. வெங்கச்சங்கல் எங்கும் கிடக்கும், தங்கம் சுமந்த நீர் அதன் வழியே போயிருந்தால்தான் உண்டு. மின்னும் இடத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். குழிந்தால் தங்கமாக இருக்கலாம், பொடிந்தால் பைரைட், செதில் செதிலாக உரிந்தால் மைக்கா. பளபளப்பில்லாத பீங்கானின் அடிப்பகுதியில் உரசினால் தங்கம் மஞ்சள் கோடு விடும், பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு விடும். இரண்டிலும் தங்கம் போலவே தெரிந்தால் கல்லை உடைக்காமல், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறையில் காட்டுங்கள்.