மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கு எண்டோஸ்கோபிச் சிகிச்சை: கேள்வி பதில்

காத்தான்குடியிலிருந்து: உம்மா அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வாய்க்குள் குழாய் போட்டிருந்தவ. வீட்டுக்கு வந்த பிறகு முட்டு வருத்தம். பம்ப் அடித்தும் குறையவில்லை. ஏன்?

பதில்: குழாயின் நுனியிலுள்ள காற்றுப்பையின் அழுத்தம் 30 சென்ரிமீற்றர் நீரளவைத் தாண்டினால், மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகி மூச்சுக்குழாய் சுருங்கிவிடும், அதனால் குழாயை எடுத்துச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரே மூச்சு முட்டத் தொடங்கும். ஆஸ்துமாவின் இரைச்சல் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சில் கேட்கும். உள்ளே இழுக்கும்போது கழுத்தருகே கரகரவென்று கேட்டால், குழாய் போட்டிருந்த விடயத்தைச் சொல்லிக் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள். சும்மா இருக்கும்போதே அச்சத்தம் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல், இரவானாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கல்முனையிலிருந்து: ஆவி பிடித்தால் கரையுமா டொக்டர்?

பதில்: கரையாது. அது சளியன்று, தழும்பு.

களுவாஞ்சிகுடியிலிருந்து: கழுத்தை வெட்டாமல் எப்படி விரிக்கிறார்கள்?

பதில்: முழு மயக்கத்தில் வாய் வழியாக உலோகக் குழலைச் செலுத்தி, மெல்லிய கத்தியாலோ கார்பன் டை ஒக்சைட் லேசராலோ தழும்பில் மூன்று நான்கு கீறல்களை மட்டும் இடுவார்கள். சுற்றிவர உரித்தால் அது மீண்டும் வளையமாகவே ஆறும் என்பதால், கீறல்களுக்கிடையே சவ்வை விட்டுவைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பிறகு பலூனை ஊதி விரிப்பார்கள். அந்தச் சிறிது நேரம் காற்று போக வழியே இல்லாததால், மயக்க மருந்து வைத்தியர் ஒக்சிசன் அளவிலிருந்து கண்ணெடுக்க மாட்டார். லேசரெனில் தீப்பற்றும் ஆபத்துக்காக ஒக்சிசனையும் குறைத்தே கொடுக்க வேண்டும். முடிவில் தழும்பில் ஸ்டீரொயிட் ஊசி ஏற்றுவதும் உண்டு. காற்று சீராக ஓடும் குழாயில் ஆரை பாதியானால் தடை 16 மடங்காகும். ஆகவே ஓரிரு மில்லிமீற்றர் விரிந்தாலே நோயாளி பெரிய ஆறுதலை உணர்வார்.

அக்கரைப்பற்றிலிருந்து: மச்சிக்கு இரண்டாம் தடவையும் விரிக்க வேண்டுமாம். முதலில் செய்தது பிழைத்துவிட்டதா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். மீண்டும் சுருங்குவது இந்நோயில் வழமை. காரணம் தெரியாமல் நடுவயதுப் பெண்களுக்கு வரும் வகையில் அது இன்னும் அதிகம். மெல்லிய, குறுகிய தழும்புக்கே இம்முறை நன்றாகப் பொருந்தும். தழும்பு நீண்டிருந்தாலோ குருத்தெலும்பு நொறுங்கியிருந்தாலோ, அப்பகுதியை வெட்டியெடுத்துப் பொருத்தும் திறந்த சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவதே நேர்மை. வீட்டில் பீக் ஃப்ளோ மீற்றரில் (மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) ஊதி, வரும் எண்ணைக் கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். எண் தொடர்ந்து இறங்கினால், மூச்சு முட்டும்வரை பாராமல் உடனே கிளினிக்கில் காட்டலாம்.