கள்ளு, கசிப்பு, வரி, வைத்தியம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பீஎச்ஐ) இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடியால் வரும் சேதத்தைக் குறைக்க எது உதவும், எது உதவாது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கரவெட்டி ஐயா: தம்பி, கள்ளு இயற்கைச் சாமான். எங்கட அப்பு கடைசி மட்டும் குடிச்சவர், ஒரு வருத்தமும் இல்லை. அதையும் சாராயத்தோட சேர்க்கிறது நியாயமோ?

ஐயா, அப்புவோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கணக்கைப் பார்ப்போம். சுண்ணாம்பு பூசின முட்டியில் இறக்கினால் கருப்பணி, அதாவது புளிக்காத பதநீர். பூசாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கி, நேரம் போகப் போக வெறி ஏறிக்கொண்டு வரும். கள்ளில் மதுசாரம் 5 வீதம் என்று வைத்தாலே 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் கிட்டத்தட்ட 30 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர், அதாவது கால் போத்தல், 48 கிராம் அளவு. 8.8 வீத பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்று 35 கிராம். ஆகவே மத்தியானம் தவறணைக்கு, அதாவது கள்ளுக் கடைக்குப் போய் இரண்டு போத்தல் கள்ளு எடுத்தவர் கால் போத்தல்காரரைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறார். அதற்காகத் தவறணையை மட்டும் பூட்டச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. கள்ளை மூடிவிட்டுப் பாரைத் திறந்து வைத்தால் குடிக்கிறவர் இன்னும் கடுமையானதுக்குப் போவார், சீவல் தொழிலாளியின் அடுப்பும் அணையும்.

கனடாவில் இருந்து ஒரு அண்ணா: அளவாக வைன் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று எங்கள் டொக்டரே சொன்னாரே?

பழைய கதை. அப்படிச் சொன்ன ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்' பட்டியலுக்குள் வருத்தம் வந்து குடியை விட்டவர்களும் இருந்தார்கள், அதனால் கொஞ்சம் குடிக்கிறவர் சுகதேகியாகத் தெரிந்தார். மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே முதல் வகையில் போட்டுவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது.

சாவகச்சேரித் தம்பி: வரியைக் கூட்டக் கூட்டச் சனம் கசிப்புக்குத்தானே போகுது? அரசாங்கத்துக்குக் காசு, ஏழைக்குச் சாவு.

பாதி சரி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் மது வரி பல தடவை ஏறியது, களவாகக் காய்ச்சுகிற கசிப்புப் பக்கம் போனவர்களும் உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பார்த்தால் குடியைக் குறைக்க விலையைப் போல வேலை செய்தது குறைவு. ஸ்கொட்லாந்தில் 2018 மே மாதம் ஒரு அலகு, அதாவது 10 மில்லிலீற்றர் சுத்த மதுசாரத்துக்கு 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பிறகு பார்த்த ஆய்வு, மதுவையே நேர்க் காரணமாகக் கொண்ட சாவுகள் 13 வீதம் அளவில் குறைந்ததாகக் கண்டது, அதுவும் வசதி குறைந்த பகுதிகளில்தான் பலன் கூட. சிக்கல் என்னவென்றால் இங்கே வரியைக் கூட்டுகிறவர்கள் வருமானத்தை நினைத்துக் கூட்டுகிறார்கள், கசிப்பைப் பிடிப்பதற்கு அதே மும்முரம் இல்லை. பற்றைக்குள் கோடாப் பரலை, அதாவது கசிப்புக்குப் புளிக்க வைத்த பீப்பாயைக் கவிழ்த்துப் படம் எடுத்துப் போட்டால் போதாது, அடுத்த கிழமை அதே ஆள் அதே இடத்தில் காய்ச்சுவார். சீனியும் ஈஸ்ட்டும் மொத்தமாக எங்கிருந்து வருகிறது, காசு யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

நல்லூர் ஆசிரியை ஒருவர்: ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன? இந்தியாவில் செய்கிறார்கள்தானே.

பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. குடி குறைந்தது, மனைவிமார் வாங்கும் அடியும் குறைந்தது என்று பிறகு வந்த ஆய்வு சொல்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதே பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயத்தால் எழுபதுக்கு மேல் செத்தார்கள். சரி, தடைதான் காரணம் என்று சொல்ல வாய் வரும். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் செத்தபோது தமிழ்நாட்டில் அரசே மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் கொன்றது மெதனோல் என்ற விஷ மதுசாரம். மலிவுச் சரக்கு தேடுகிற ஏழை இருக்கும் வரை, தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வியாபாரம் இருக்கும். முழுத் தடையை விட, கடைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் இறுக்குவதைத்தான் நான் கேட்பேன். டீச்சர், இன்னொன்று: பள்ளியில் ஒரு நாள் பேச்சு, ஒரு சித்திரப் போட்டி, இவற்றால் பிள்ளைக்கு அறிவு கூடும், பழக்கம் மாறுவது அரிது. செலவு குறைவு, யாருக்கும் நட்டமில்லை, அதனால்தான் எல்லோருக்கும் அது பிடிக்கும்.

கிளிநொச்சியில் இருந்து: எங்கட ரியூசன் ஒழுங்கைக்குப் பக்கத்தில பார் வரப்போகுதாம். என்ன செய்யலாம்?

ஆர்ப்பாட்டம் செய்யலாம், ஆனால் முதலில் எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, மதுவரித் திணைக்களத்துக்கு ஒன்று, நகல் ஒன்று சுகாதார வைத்திய அதிகாரிக்கு. 'கலாசாரம் சீரழியுது' என்று இரண்டு பக்கம் எழுத வேண்டாம். எந்த ஒழுங்கை, எத்தனை பிள்ளை எத்தனை மணிக்குப் போய் வருகிறது, கோவில் எவ்வளவு தூரம், ஏற்கெனவே அந்தப் பக்கம் எத்தனை கடை, இதைப் போடுங்கள். 2024 இல் கொடுத்த மதுக்கடை அனுமதிகளின் பட்டியல் பாராளுமன்றம் வரைக்கும் போனதே, சனம் விடாமல் கேட்டதற்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு தங்கச்சி, ஊர் சொல்லவில்லை: இவர் ஒவ்வொரு நாளும் குடிக்கிறார். விடப் பண்ணுற குளிசையை ஆரோ தந்தினம். சோத்துக்குள்ள கலந்து குடுக்கட்டோ?

வேண்டாம் தங்கச்சி, தயவு செய்து வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். அதற்கு மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்கிறவர் தெரிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. இன்னொரு விஷயம், கோவிலில் சத்தியம் வாங்கி நாளையோடு விடு என்று நெருக்குவதும் நாள்தோறும் நிறையக் குடித்தவருக்குப் பயமான வேலை. விட்டு முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது, சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத ஆட்களோடு கதைப்பார்கள். அதைப் 'பேய் பிடிச்சிட்டுது' என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தோடு தயமின் விற்றமினும் கொடுத்து, ஆளை மெல்ல மெல்லக் குடியில் இருந்து இறக்கிக் கொண்டு வருவார்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தால் போனிலும் பேசலாம். அடிக்கிறார் என்றால் அது வேறு விஷயம், அவர் திருந்தும் வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டியதில்லை, பொலிஸில் உள்ள பெண்கள் பிரிவுக்குப் போங்கள்.

19 வயதுத் தம்பி: வைன் ஸ்டோர்ஸில ஒருநாளும் வயசு கேட்டதில்லை. அப்ப சட்டம் எதுக்கு?

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. விளம்பரத் தடையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. குற்றம் விற்றவருடையது, உம்முடையது இல்லை. பொலிஸும் மதுவரிக்காரரும் மட்டுமில்லை, உங்கள் பகுதிப் பீஎச்ஐயும் வழக்குப் போடலாம், அவருக்குக் கடை எது, எத்தனை மணிக்கு என்று சொன்னால் போதும். உம்முடைய பெயர் தேவையில்லை. ஆனால் நீர் எதற்கு அங்கே போனீர் என்று அவர் கேட்டால் நான் பொறுப்பில்லை.