கிளட்ச் கேபிள் அட்ஜஸ்டர் உடைந்துபோச்சா? கேளுங்க, சொல்றேன்

பழைய வெஸ்பாவையும் அதன் வழியில் வந்த வண்டிகளையும் நெடுநாளாக நானே பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் அட்ஜஸ்டர் என்பது கிளட்ச் கேபிளின் தளர்வைக் கூட்டிக் குறைக்கும், நடுவில் ஓட்டையுள்ள திருகு; அதை அசையாமல் பிடிப்பது லாக் நட். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். லாம்ப்ரெட்டாவில் இடமும் அளவும் மாறும், ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

கேள்வி: அண்ணா, லாக் நட்டை ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். அட்ஜஸ்டர் தலை கையோடு வந்துவிட்டது, மீதி என்ஜின் கேஸிங்குக்குள்ளேயே நிற்கிறது. எப்படி எடுப்பது?

முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அட்ஜஸ்டர் அற்பமான பொருள், அது மாட்டியிருக்கும் காது கேஸிங்கோடு சேர்ந்து வார்த்த அலுமினியம். காது உடைந்தால் கதையே வேறு.

அட்ஜஸ்டர் இரும்பு, காது அலுமினியம், நடுவில் மழைத் தண்ணீரும் சேறும். பல வருடம் இப்படியே கிடந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் இன்னரை (கேபிளின் உள்கம்பி; அதன் மேலுறை அவுட்டர்) கழற்றி வெளியே இழுத்துவிட்டு, துருநீக்கி எண்ணெயை இரு பக்கமும் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் காதைச் சுடவையுங்கள். அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அந்த வித்தியாசம்தான் பிடியைத் தளர்த்தும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத்தான் இந்த வேலை, தீ ஜுவாலை பக்கத்திலேயே வரக்கூடாது.

கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றும் பக்கம் திருப்புங்கள். நீட்டல் இல்லையென்றாலும் ஒரு வசதி உண்டு. கேபிள் போவதற்காக அட்ஜஸ்டர் நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது, அதனால் டிரில் பிட் நேராக நடுவிலேயே இறங்கும். இடது சுற்று டிரில் பிட் (கழற்றும் பக்கம் சுழன்று வெட்டுவது) கிடைத்தால் அதைப் போடுங்கள், பாதிக்குப் பாதி தடவை துளை போடும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடும். ஈஸி அவுட் (ஒடிந்த திருகின் துளையில் இறக்கிக் கழற்றும் கருவி) போடுவதானால் மெதுவாக. அது கடினமான எஃகு, உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. நான் ஒருமுறை அப்படி ஒடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வண்டியோடு பேசாமல் இருந்தேன்.

கேள்வி: துண்டை எடுத்துவிட்டேன் சார், ஆனால் காதில் மரையே இல்லை, புதுசு வழுக்கிக்கொண்டு போகிறது.

மரை அளவை வெர்னியரில் பாருங்கள், கண்ணால் நம்பாதீர்கள். எம்6 (6 மி.மீ. மரை) என்றால் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாக உள்ளே இறக்கும் கம்பிச்சுருள் போடலாம்: சுமார் 6.3 மி.மீ. பிட்டால் துளை, அதற்கென்றே வரும் டேப் (மரை வெட்டும் கருவி), அப்புறம் கம்பிச்சுருள். காதின் சுவர் மெல்லிசு, அதனால் துளை சாய்ந்தால் ஒரு பக்கம் பிய்த்துக்கொள்ளும். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டுக்கொண்டே இறக்குங்கள்.

எபாக்ஸி பசை வைத்து ஒட்டலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். ஒவ்வொரு முறை லீவரைப் பிடிக்கும்போதும் அவுட்டர் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் அலுமினியத்தில் பசை அந்தத் தள்ளலைத் தாங்காது.

கேள்வி: காதே பாதி உடைந்துவிட்டது.

அலுமினியம் டிக் வெல்டிங் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சுத்தமாகப் பிசுக்கு நீக்கி, உலோகம் நிரப்பி, புதிதாகத் துளையிட்டு மரை போடலாம். வண்டியிலேயே வைத்து வெல்டு செய்யலாம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடத்தில் இரண்டு அட்ஜஸ்டர் உடைந்துவிட்டது. தரமில்லாத பொருளா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, உடைவதற்கு முன் அட்ஜஸ்டர் எவ்வளவு வெளியே இருந்தது? கேபிள் தளரத் தளர நிப்பிளை (இன்னரின் முனையை என்ஜின் பக்கம் இறுக்கிப் பிடிக்கும் சின்னத் துண்டு) தொடாமல் அட்ஜஸ்டரையே வெளியே வெளியே திருப்பிக்கொண்டு வருகிறோம். கடைசியில் இரண்டு மூன்று மரையில் தொங்கிக்கொண்டிருக்கும். அவுட்டர் வளைந்து வந்து பக்கவாட்டில் தள்ளும், அது வளையும், ஒருநாள் ஒடியும். குறைந்தது ஐந்தாறு மரையாவது உள்ளே இருக்கட்டும், அதற்கு மேல் வெளியே வரவேண்டுமென்றால் நிப்பிளைத் தளர்த்தி கேபிளை இழுத்துக் கட்டுங்கள். லாக் நட்டும் முக்கியம், அது தளர்ந்தால் அட்ஜஸ்டர் ஆடி ஆடியே மரையைத் தின்றுவிடும்.

கேள்வி: புதுசு போட்டபின் எப்படிச் செட் செய்வது? நான் இறுக்கமாகத்தான் வைத்தேன், இப்போது வேகமெடுத்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது.

அதுதான் கிளட்ச் ஸ்லிப். இறுக்கமாக வைத்தால் நல்லது என்பது தப்பு. கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், மேலும் வெஸ்பாவில் கிளட்ச் ஆர்மால் (கேபிள் இழுக்கும் நெம்புகோல்) தள்ளப்படும் பித்தளைத் துண்டு சும்மா இருக்கும்போதும் உரசி உரசித் தேய்ந்துபோகும்.

மரையில் காப்பர் கிரீஸ் தடவி அட்ஜஸ்டரை முக்கால்வாசி உள்ளே திருப்புங்கள். அவுட்டரின் இரு முனையும் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், ஹேண்டில் பக்கம் பலபேர் விட்டுவிடுவார்கள். இன்னரைப் பிளையரால் இழுத்து நிப்பிளை இறுக்குங்கள். இனி அட்ஜஸ்டரை வெளியே திருப்பினால் தளர்வு குறையும், உள்ளே திருப்பினால் கூடும். லீவர் அதன் கூட்டிலிருந்து சுமார் 2 மி.மீ. சும்மா ஆடவேண்டும், அதற்குப்பிறகுதான் கனம் தெரியவேண்டும். தளர்வு அதிகமானால் எதிர்ப்பிரச்சினை: முதல் கியர் போட்டதும் வண்டி குதிக்கும், நியூட்ரல் சிக்காது.

புதுக் கேபிள் என்றால் சில நாள் ஓட்டியபின் இன்னொருமுறை பாருங்கள், அவுட்டர் கொஞ்சம் படியும்.

கேள்வி: வழியில் உடைந்தால்?

இன்னர் முழுசாக இருந்தால், உடைந்த துண்டின் மேலேயோ காதின் மேலேயோ அவுட்டரை முட்டவைத்து, பொருந்துகிற வாஷர் ஒன்றிரண்டு இடையில் போட்டு, நிப்பிளை இழுத்துக் கட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, அதனால் ஒரு சின்ன ஸ்பேனரும் பிளையரும் வண்டியில் இருக்கட்டும்.

அதுவும் முடியாவிட்டால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, தள்ளிக்கொண்டே ஓடி, முதல் கியரைப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தியபடியே கியர் மாற்றலாம். வீடுவரை சரி, பழக்கமாக்காதீர்கள். வெஸ்பா கியர்பாக்ஸில் சிலுவை வடிவத் துண்டு ஒன்று இருக்கிறது, அதன் முனைகள் மழுங்கினால் கியர் தானாகத் தாவும், அதை மாற்ற என்ஜினையே பிரிக்கவேண்டும்.

கேள்வி: சாதாரண போல்ட்டில் துளை போட்டு அட்ஜஸ்டர் செய்யலாமா?

லேத் இருந்தால் செய்யலாம், நானே செய்திருக்கிறேன். துளை நடுவில் இருக்கவேண்டும், தலையில் அவுட்டர் உட்கார ஒரு குழி வேண்டும், துளை வாய்களில் கூர் இருக்கக்கூடாது, இருந்தால் இன்னர் இழை இழையாக அறுந்துபோகும். கைட்ரில்லில் முயற்சி செய்து கோணலாகப் போட்டதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் முதல் மூன்றும் அப்படித்தான்.