பிள்ளையோடு ஊர் மாறிப் போய்விட்டால்: பெற்றோர் கேள்விகளுக்குக் குடும்ப நல வக்கீலின் பதில்கள்

கோவையிலிருந்து ஒரு அப்பா: மேடம், மூணு வாரத்துக்கு முன்னாடி மனைவி ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு பெங்களூருல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. ஸ்டேஷன்ல, "குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க"ன்னுட்டாங்க. கோவையிலயே கேஸ் போடலாமா?

போலீஸ் சொன்னது பெரும்பாலும் சரிதான். கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாதபோது, பெற்ற தாய் கூட்டிப் போனதைக் கடத்தல் என்று பதிய மாட்டார்கள். உங்களுக்கான வழி, பிள்ளை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதைக் கோர்ட் தீர்மானிக்கும் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம். எல்லா மதத்தவருக்கும் உண்டு. அதன் 9ஆவது பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் மனுப் போட வேண்டும். மூன்று வாரத்தில் பெங்களூரு 'வழக்கமான ஊர்' ஆகிவிடாது. கோவைப் பள்ளியின் ரிப்போர்ட் கார்டு, கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அங்கே பள்ளியில் சேர்த்து ஒரு வருடம் ஓடிவிட்டால் இதே வாதம் பலமிழந்துவிடும். ஆடியில் பிரிந்துபோன பிள்ளைக்காகத் தையில் என்னிடம் வந்த அப்பாக்கள் எத்தனையோ பேர். சமாதானம் பேசுங்கள், ஆனால் மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். பிள்ளைகளை மறுபடி இடம் மாற்றக் கூடாதென்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். உங்கள் மனைவி சுப்ரீம் கோர்ட்டில் வழக்கை பெங்களூருக்கு மாற்றக் கேட்கலாம்; அதற்கும் தயாராக இருங்கள்.

அதே அப்பா: நானே போய் கூட்டிட்டு வந்துட்டா?

தயவுசெய்து வேண்டாம். ஒருவர் பள்ளி வாசலில் மகளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் ஒரு செருப்பு அங்கேயே விழுந்துவிட்டது. அந்தச் செருப்பை எதிர்த்தரப்பு வக்கீல் மேசைமேல் வைத்தார். அன்றைக்கு நான் வாதாட எதுவும் மிச்சமில்லை.

திருநெல்வேலி கேஸ், ஒரு அம்மா: அக்கா, என் மூணு வயசுப் பையனை அவர் திருநெல்வேலியில அவங்க அப்பா வீட்ல வச்சிருக்கார். போன்கூட எடுக்கறதில்ல.

நீங்கள் காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. இந்துச் சட்டப்படி ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் (1956ஆம் ஆண்டுச் சட்டம், 6ஆவது பிரிவு). உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லும் மனுப் போடலாம். பிள்ளையைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்தால், வைத்திருப்பவர் தகப்பனே ஆனாலும் அந்த மனு செல்லும் என்று 2019இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

அமெரிக்காவிலிருந்து ஒரு அப்பா: இங்க கஸ்டடி ஆர்டர் கையில இருக்கு. குழந்தை சென்னையில. ஆர்டரைக் காட்டினா போதாதா?

போதாது. வேறு நாட்டுக்குக் கூட்டிப் போன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. 2017இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில், வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலன்தான் பெரிது என்று தீர்ப்பானது. அப்படிப் பார்த்தே, 2022இல் ஒரு சிறுவனை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பவும் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சென்னையில் உடனே வக்கீல் வையுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு அப்பா: கேஸ் முடியற வரைக்கும் பொண்ணு குரலையாவது கேட்க முடியுமா?

முடியும். யஷிதா சாஹு வழக்கில் (2020), பிள்ளை கையில் இல்லாத பெற்றோருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடம் பேசும் உரிமை வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. நேரத்தைக் குறிப்பிட்டு, வீடியோ கால் என்றே எழுதி இடைக்கால மனு போடுங்கள். பேசும்போது அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.