யோசனைப் பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்கூடத்தில் ஷிப்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வாரந்தோறும் கூட்டம் போட்டு யோசனை கேட்கிறேன்; 18 பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யோசனைப் பெட்டி வைத்தும் ஒரு சீட்டுகூட விழவில்லை. போன வருடம் ஓர் ஆபரேட்டர் பேச்சுவாக்கில் சொன்னதைச் செய்து பார்த்ததில், எனக்கு நிர்வாகத்தின் பாராட்டுக் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஏன் அப்படி எதுவும் தோன்றுவதில்லை?
ஒரு வாசகர், ஓசூர்

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். யோசனை அவருடையது, பாராட்டு உங்களுக்கு. மேலிடத்தில் அவர் பெயரைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உங்களுக்கு அது மறந்து போயிருக்கலாம், அந்த 18 பேருக்கு மறந்திருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன், சீசன் நேரத்தில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். தரம் பிரிக்கும் மேசையில் நின்ற அம்மாள் ஒருவர், பெங்களூரா பழங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தள்ளியபடியே, வெயில் விழும் பக்கம் அடுக்கிய பெட்டிகளில்தான் அழுகல் அதிகம் வருகிறது, சுவரோரம் மாற்றி அடுக்கினால் போதும் என்றார். மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். “போன சீசன்லயே சொன்னேங்க. ‘உன் வேலையைப் பாரும்மா’ன்னுட்டாங்க” என்றார். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அழுகிய பழங்களை மட்டும் தனியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கூட்டத்திலும் அவரைப் போன்றவர்கள்தான் நிற்கிறார்கள். நாள் முழுவதும் ஒரே இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு, எந்த ட்ரே கைக்கு எட்டாமல் இருக்கிறது, எந்த இடத்துப் பிசிறு விரலைக் கிழிக்கிறது என்பதெல்லாம் தெரியாமல் இருக்காது.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951-இல் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறையைத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் ஆலைகளில், குறை ஒன்று கண்ணில் பட்டால் கடைநிலைத் தொழிலாளியும், வேலை செய்யும் இடத்தில் கட்டியிருக்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுத்துக் குரல் கொடுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் அவர் நிற்கும் இடத்துக்கே வந்தாக வேண்டும். நான் முக்கியமாகக் கருதுவது அந்த வருகையைத்தான். பெட்டியை மாட்டிவிட்டு நீங்கள் அறைக்குள் உட்கார்ந்துகொண்டால், எழுதிப் போடுபவருக்கு அது யார் கைக்குப் போகிறது என்பதே தெரியாது. அதிலும், ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அடுத்த முறை வேலை நீட்டிப்புக் கிடைக்குமா என்ற கவலை வேறு இருக்கும். (ஷிப்டு முடிந்து, பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் போகிறவர்கள் பஸ்ஸுக்கு அவசரப்படும் நேரத்தில் கூட்டம் போடுகிறீர்கள் என்றால், அதை முதலில் நிறுத்துங்கள்.)

போன வருடத்து ஆபரேட்டரின் பெயரை உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில், அவர் இருக்கும்போதே, அது அவருடைய யோசனை என்றும், அப்போதே சொல்லாதது உங்கள் தவறு என்றும் 18 பேர் முன்னால் சொல்லுங்கள். அதன்பிறகு யார் எதைச் சொன்னாலும், செய்கிறோமா இல்லையா என்பதை, இல்லையென்றால் ஏன் இல்லை என்பதையும் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் அவருடைய இயந்திரத்தருகே போய் நேரில் சொல்லுங்கள். யோசனைப் பெட்டியை இப்போதைக்குக் கழற்றி வைத்துவிடுங்கள்.