அறிவியல் கேள்வி–பதில்: ரூபிடியம் ஆவியில் ஒரு பொய் அலை

கே: ரூபிடியம் ஆவியை 50 ஃபெம்டோ வினாடி லேசரால் பம்ப்–புரோப் முறையில் (பம்ப் துடிப்பு அணுவைக் கிளர்த்தும், பின்னால் வரும் புரோப் துடிப்பு அதைப் பார்க்கும்) ஆராய்கிறேன். இரண்டுக்கும் இடையிலான தாமதத்தை மாற்றும் டிலே ஸ்டேஜை (கண்ணாடி ஏற்றிய நகரும் மேடை) 20 மைக்ரான் படியாக நகர்த்தினால், சுமார் 2.7 பிகோ வினாடிக்கு (2,700 ஃபெம்டோ வினாடி) ஒருமுறை ஏறியிறங்கும் அலை வருகிறது. இது எந்த ஆற்றல் மட்டத்தால் வருவது? – மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: எந்த மட்டத்தாலும் அல்ல, உங்கள் படி அளவால்தான். ரூபிடியம் அணு ஒளியை உறிஞ்சும் டி1 கோடு 794.98 நானோமீட்டர், டி2 கோடு 780.24. இரண்டுக்குமான அதிர்வெண் வித்தியாசம் 7.12 டெராஹெர்ட்ஸ், ஆகவே இரண்டும் சேர்ந்து எழுப்பும் உண்மையான ஏற்ற இறக்கம் (குவாண்டம் பீட்) 140 ஃபெம்டோ வினாடிக்கு ஒன்று. ஒளி போய்த் திரும்புவதால் ஸ்டேஜ் 20 மைக்ரான் நகர்ந்தால் தாமதம் 133 ஃபெம்டோ வினாடி கூடுகிறது. ஒரு பீட்டுக்கு ஏறக்குறைய ஒரே ஒரு புள்ளி! அந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்துதான் 2.7 பிகோ வினாடி அலையாகத் தெரிகிறது. படியை 15 மைக்ரான் ஆக்கிப் பாருங்கள்: அலை சுமார் 350 ஃபெம்டோ வினாடிக்குச் சுருங்கிவிடும். அணுவின் அலையாக இருந்தால் படியை மாற்றியதற்காக மாறாது. 2 மைக்ரான் படி வையுங்கள். பீட்டுக்குப் பத்துப் புள்ளி கிடைக்கும். லேசரின் மையம் 787 நானோமீட்டரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு கோடு நிறமாலையின் ஓரத்தில் மங்கி, பீட்டும் மெலிந்துபோகும்.

கே: லோட் ஷெடிங் முடிந்து பார்த்தால் ரூபிடியம் ஆவி அடைத்த செல்லின் (கண்ணாடிக் குப்பி) முகப்பில் வெள்ளிப் படலம். செல் கெட்டுவிட்டதா? – மாணவி, சாட்ஸ்வொர்த், டர்பன்

ப: இல்லை. ஆவி எங்கே சூடு குறைவோ அங்கே படியும். மின்சாரம் போனதும் காப்பில்லாத முகப்புதான் முதலில் ஆறுகிறது. உலோகம் இருக்கும் வால் குழாயை அறை வெப்பத்தில் விட்டு, முகப்பை மட்டும் 120 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். படலம் வாலுக்கே திரும்பும். தீச்சுவாலை காட்டவே கூடாது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்றுப் பட்டால் ரூபிடியம் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். இனி முகப்புக்கும் வாலுக்கும் தனித்தனி ஹீட்டர், வெப்பம் அளக்கத் தனித்தனி தெர்மோகப்பிள் வைத்து, முகப்பை எப்போதும் 10 டிகிரி கூடுதலாக வைத்திருங்கள். யுபிஎஸ்ஸில் முகப்பு ஹீட்டரை மட்டும் மாட்டினால், மின்சாரம் போனாலும் வால்தான் முதலில் ஆறும்.

கே: பம்புக்கு முன்னால் புரோப் போகும்போதும் சிக்னல் வருகிறதே? – வாசகர், லெனேசியா

ப: 80 மெகாஹெர்ட்ஸ் லேசரில் துடிப்புகளுக்கு இடையே 12.5 நானோ வினாடிதான். கிளர்ந்த ரூபிடியம் அணுவின் ஆயுளோ 26 முதல் 28 நானோ வினாடி. முந்தைய துடிப்பின் மிச்சத்தைத்தான் பார்க்கிறீர்கள். துடிப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பல்ஸ் பிக்கர் வைத்து இருபதில் ஒரு துடிப்பை மட்டும் உள்ளே விடுங்கள். இடைவெளி 250 நானோ வினாடியாகும்.